கொசுறுக்கு எடை கிடையாது

பொன்னங்கரட்டு விமானம் விழ ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. விழுந்து முடித்தது மறுவாரம் வெள்ளிக்கிழமை. இடையில் இருந்த நாளெல்லாம் அது காய்கறிச் சந்தைக்கு நேர் மேலே, ஒரு தென்னை மர உயரத்தில், மூக்கைக் கீழே சாய்த்து, வாலை மேலே தூக்கி, தொலைத்த எதையோ குனிந்து தேடுகிறவரைப் போல அசையாமல் நின்றது. வேறு ஊராக இருந்தால் இது எப்படி நடந்தது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் தக்காளி ஏலம் பாதியில் நின்றுபோன எரிச்சலில், இதை இங்கே நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார்கள்.

எப்படி நடந்தது என்பது எடைக்காரர் சடையாண்டிக்குத் தெரியும். தெரிந்தும் அவர் எல்லாரோடும் சேர்ந்து அண்ணாந்து பார்த்து, எல்லாரையும்விடச் சத்தமாக ஆச்சரியப்பட்டார். இருபத்திரண்டு வருஷம் சந்தையில் தராசு பிடித்தவர், சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளத்தைச் செப்பனிட்டு ஒரு கம்பெனி மாலத்தீவுக்குக் காய்கறி அனுப்ப ஆரம்பித்தபோது அங்கே எடைக்காரராகப் போனார். சடையாண்டி எடை போட்டால் மறு எடை கிடையாது என்று சந்தையில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் அவர்தான் என்று அவர் மனைவி சொல்வாள்.

விஷயம் கொசுறுதான். எங்கள் ஊரில் எதை எடை போட்டாலும், முள் அடங்கி, சீட்டு எழுதி முடித்த பிறகு, விற்கிறவர் தன் கையால் ஒரு கை அள்ளி மேலே போடுவார். அந்தக் கையை எடை போடக் கூடாது. போட்டால் கொடுத்தவருக்கும் அவமானம், வாங்கியவருக்கும் அவமானம், அது கொசுறாக இல்லாமல் வெறும் சரக்காகிவிடும். சந்தையில் இது ஒரு கை கறிவேப்பிலை, இரண்டு பச்சை மிளகாய் என்ற அளவில் யாருக்கும் பாரமில்லாமல் நடந்துவந்தது. ஆனால் கடல் தாண்டிப் போகிற சரக்குக்கு ஒரு கை போடுவது ஊருக்கே கௌரவக் குறைச்சல் என்று யாருக்கோ தோன்றியதும், ஒரு கை இரண்டு கையாகி, இரண்டு கை ஒரு மடியாகி, மடி கூடையாகி, கடைசியில் மூட்டைக்கே ஒரு மூட்டையைக் கொசுறாகக் கொடுக்கிற அளவுக்குப் பொன்னங்கரட்டுக்காரர்களின் கை வளர்ந்துவிட்டது. அதோடு, போகிற விமானம்தானே என்று மாலத்தீவில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஊறுகாய், உலக்கை, கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று ஆளாளுக்கு ஒரு பொட்டலம். எதற்கும் எடை கிடையாது. சடையாண்டி ஐயாயிரத்து இருநூறு கிலோ என்று சீட்டு எழுதினால் சீட்டைப் பொறுத்தவரை அது ஐயாயிரத்து இருநூறுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை விமானி கேப்டன் ஆல்பன் சீட்டை வாங்கி, கையெழுத்துப் போடும் முன்பு ஒரு கணம் நின்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் இரண்டாம் தரம் கேட்கக் கூச்சப்படுகிறவர்.

“சரியா இருக்கும்லாண்ணே?”

“கிராம் பிசகாது சார்.”

“மேல ஒண்ணும் ஏத்தலியே?”

“கொசுறுதான் சார். கொசுறுக்கு எடை கிடையாது.”

துணை விமானி நஸ்ரின் விமானத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், வயது இருபத்தாறு, வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். “சார், சக்கரம் ரொம்ப அமுங்குன மாதிரி இருக்கு” என்றாள். “வெயிலுக்கு அப்படித்தான் தெரியும்” என்று கேப்டன் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே ‘சுமையை நேரில் பார்த்துச் சரி எனக் கண்டேன்’ என்று அச்சடித்திருந்தது. சீட்டுப்படி சுமை குறைவுதானே என்று, ஓடுதளத்தின் கிழக்கு முனை வரைக்கும் உருட்டிப்போய்த் திரும்பாமல், டீக்கடைக்கு நேரே பாதியிலேயே திருப்பிக் கிளப்பிவிட்டார். விமானம் மீதிப் பாதியை முழுக்க ஓடியும் எழும்ப மனமில்லாமல் எழும்பி, வேலியை உரசி மேலேறி, மறுபடி தாழ்ந்து தாழ்ந்து சந்தைக்கு மேலே வந்தது. கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. அப்போதுதான் அது நின்றது.

காரணத்தை டீக்கடையில் அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். எலுமிச்சை மண்டி காசிம் ராவுத்தர்தான் சொன்னார். “இதுல என்னப்பா புரியாம இருக்கு? சீட்டுப்படி பார்த்தா அது பறக்கணும். சரக்குப்படி பார்த்தா அது விழணும். எது பேச்சைக் கேக்குறதுன்னு தெரியாம நிக்குது.” எல்லாரும் அதுவும் சரிதான் என்று டீயைக் குடித்துவிட்டு ஏலத்தைத் தொடர்ந்தார்கள்.

உள்ளே இருந்த இருவருக்கும் அவ்வளவு சுலபமாக இல்லை. சுக்கானை விட்டால் மூக்கு இன்னும் சாய்ந்தது. அதனால் எப்போதும் ஒருவர் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஒருவர் பிடிக்க மற்றவர் தூங்கினார். நீ இறங்கிப் போ என்று கேப்டன் சொன்னதற்கு, “நான் போய்ட்டா நீங்க எத்தனை நாள் முழிச்சிருப்பீங்க சார்?” என்று கேட்டுவிட்டு நஸ்ரின் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் எண்ணெய் தீர்ந்து இயந்திரச் சத்தம் அடங்கியது. சத்தத்தில் விலை காதில் விழவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த வியாபாரிகள் நிம்மதியானார்கள்.

பொன்னங்கரடு இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், நிழலாக ஏற்றுக்கொண்டது. சந்தைக்குக் கூரை போடச் சொல்லி எத்தனையோ வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு விமானத்தின் அகலத்துக்கு நிழல் கிடைத்தது. அந்த நிழல் காலையில் மேற்கே விழுந்து மாலையில் கிழக்கே போனதால், கீரைக்காரிகளும் வெற்றிலைக் கடைக்காரரும் கூடையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்தார்கள். இடது இறக்கை நிழல் எந்த மணிக்கு யாருக்கு என்பதில் கைகலப்பாகி, வியாபாரிகள் சங்கத் தலைவர் உக்கிரபாண்டி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நேரம் எழுதிவைத்தார். புதுமணத் தம்பதிகள் வால் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நாலாம் நாளிலிருந்து சரக்கறைக் கதவிடுக்கில் அழுகிய தக்காளிச் சாறு சொட்ட ஆரம்பித்ததும், குடை பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிற பழக்கமும் வந்துவிட்டது. சந்தை ஓரத்திலிருந்து சாரம் கட்டி, கப்பி போட்டு, கயிற்றில் கூடை விட்டு மேலே சாப்பாடு அனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு போட்டி போட்டு அனுப்பினார்கள். எட்டு இட்லி கேட்டால் எட்டு இட்லியும் கொசுறாக நாலு வடையும் போயின. விமானம் தினமும் இரண்டு முழம் இறங்கியது.

“வடையை நிறுத்துங்க” என்று நஸ்ரின் ஜன்னலைத் திறந்து கத்தினாள். “தின்னு முடியல. மீந்துபோனதெல்லாம் பாரமாகுது.”

“தங்கச்சிக்குப் பசி தாங்காது” என்று முருங்கைக்காய் மண்டி பாப்பாத்தியம்மாள் கீழே இருந்து மனமுருகிச் சொல்லி, அன்றைக்கு ஆறு வடை வைத்தாள்.

சரக்கை இறக்கிவிட்டால் போதாதா என்று கம்பெனி மேனேஜர் நினைத்தார். சாரத்தின் வழியே ஆளை ஏற்றி ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கினார். விமானம் சடாரென்று ஓர் ஆளுயரம் தாழ்ந்தது, சந்தையே அலறியது. இறக்கிய மூட்டை சீட்டில் எழுதியிருந்த மூட்டை. சீட்டு ஏற்கெனவே சொன்ன பொய்யோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அந்த மூட்டையைத் திரும்ப ஏற்றிய பிறகு, சீட்டையே திருத்தி எழுதிவிடலாம் என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார். சடையாண்டி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ‘அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது’ என்றிருந்தது. விமானத்தைப் பாதியாவது தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் காகிதம். அது செல்லாது என்று ஆனால் தாங்க ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து சீட்டு சடையாண்டியின் சட்டைப் பையிலேயே இருந்தது, அவரும் சட்டையைக் கழற்றாமலேயே இருந்தார்.

ஆக, சீட்டில் இருப்பதைத் தொடக் கூடாது, சீட்டில் இல்லாததை மட்டும் எடுக்க வேண்டும். எது சீட்டில் இல்லாதது என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். போட்டவர் யாரும் போடவில்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை விமானத் துறையிலிருந்து விசாரணை அதிகாரி கோதண்டபாணி வந்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு படிவக் கட்டு. விமானம் அப்போது ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவர் அதைச் சுற்றி வந்து, சக்கரத்தைப் பார்த்து, சீட்டைக் கேட்டார். சடையாண்டி சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“இது பொய்ச் சீட்டு. ரத்து பண்ணணும்.”

“பண்ணினா விழுந்துரும்ங்கய்யா. உள்ள ரெண்டு உசுரு இருக்கு.”

“எனக்கும் தெரியும். ஆனா காகிதமும் விமானமும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலைன்னா காகிதத்தை ரத்து பண்ணத்தான் எனக்கு அதிகாரம். விமானத்தைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் நான் சாப்பிடல, தூங்கல, வயிறு சரியில்லைன்னு ஏதாவது சொல்லி இழுக்கலாம். அதுக்குள்ள விமானத்தை நீங்க திருத்திக்குங்க.”

சடையாண்டி மண்டி மண்டியாக ஏறி இறங்கினார். உக்கிரபாண்டியின் வெங்காய மண்டிக்கு முதலில் போனார். “ரெண்டு கைதான்யா போட்டேன், என் பிள்ளைங்க மேல சத்தியம்” என்றார் உக்கிரபாண்டி. பிள்ளை இல்லாதவர் அவர். பாப்பாத்தியம்மாள் நாலு முருங்கைக்காய் என்றாள். எல்லாக் கணக்கும் கூட்டினால் மொத்தக் கொசுறும் ஒரு குழந்தை தூக்குகிற அளவுதான் வந்தது. கடைசியில் காசிம் ராவுத்தரிடம் போனார்.

“நான் ஒரு கை எலுமிச்சம்பழம் போட்டேன் மாப்ளே, அவ்வளவுதான்” என்றார் ராவுத்தர். பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏன் மாப்ளே, ஊரெல்லாம் கேக்குறியே, நீ ஒண்ணும் வைக்கலையா?”

“நான் எடைக்காரன் மாமா. நான் வைப்பனா?”

தலைக்கு மேலே இரும்பு முனகியது. விமானம் இரண்டு விரற்கடை இறங்கியது. ராவுத்தர் அதையும் பார்த்தார், சடையாண்டியையும் பார்த்தார், பழத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

வைத்திருந்தார். சடையாண்டி ஒரு அம்மியே வைத்திருந்தார். அவர் மகள் செண்பகத்தை மாலத்தீவில் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே மிக்ஸியில் அரைத்தால் சட்னி சட்னியாகவே இல்லையப்பா என்று ஆறு மாதமாகப் போனில் அழுதுகொண்டிருந்தாள். நல்ல கருங்கல்லாகப் பார்த்துக் கொத்த வைத்து, கோணிப்பையில் சுற்றி, கேரட் மூட்டைகளுக்கு அடியில் தன் கையாலேயே தள்ளிவைத்தார். எடை போடவில்லை. பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதை எந்தத் தகப்பன் தராசில் வைப்பான் என்று அப்போது நினைத்து, கண்கூடக் கலங்கினார். இப்போது நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை காலை மேலே கூடை போகும்போது நஸ்ரின் எட்டிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். “எடைக்காரய்யா, நாளைக்கு ரத்து பண்றாங்களாமே?” என்றாள். “எங்க உம்மாவுக்கு இன்னும் சொல்லல. மழையில ஃப்ளைட் லேட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். பதினோரு நாளா மழைன்னா நம்புவாங்களா?” அவள் சிரித்தாள். செண்பகத்துக்கும் இதே வயதுதான். இந்தப் பெண் செத்தால் அது தன் அம்மியால்தான், ஊர்க்காரர்கள் கையால் அல்ல என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் நேரே சங்கக் கட்டடத்துக்குப் போய், விலை அறிவிக்கிற மைக்கை எடுத்தார்.

“சந்தை மக்களுக்கு ஒரு அறிவிப்பு” என்றார். பழக்கத்தில் அடுத்தது தக்காளி விலை வாயில் வந்துவிட்டது, அதை விழுங்கினார். “எடைக்காரன் சடையாண்டி பேசுறேன். விமானத்துல ஒரு அம்மி இருக்கு. கேரட்டுக்கு அடியில. அது என்னோடது. சீட்டுல இல்ல. வச்சது நான், மறைச்சது நான், கிராம் பிசகாதுன்னு சொன்னதும் நான்தான். நாப்பது கிலோ இருக்கும். எடை போடல. அம்புட்டுதான்.”

பாப்பாத்தியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, “அம்மியாய்யா, நான் ஒரு முருங்கை மரத்தையே துண்டு போட்டு ஏத்திட்டு எப்படிச் சொல்றதுன்னு பதினோரு நாளாச் சாகுறேன்” என்று அழுதாள். அதற்குப் பிறகு மைக்கைப் பிடிக்க வரிசை நின்றது. ராவுத்தர் எலுமிச்சம்பழம் மூன்று மூட்டையும், நண்பர் மகன் கல்யாணத்துக்கென்று ஒரு பிரியாணி தேக்சாவும் என்றார். தேக்சாவுக்கு மூடி உண்டா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, மூடியும்தான் என்றார். உக்கிரபாண்டி நாலு மூட்டை வெங்காயம் என்றார். இன்னும் என்று எல்லாரும் அண்ணாந்து பார்க்க, அவரும் அண்ணாந்து பார்த்து, மாலத்தீவுத் தமிழர்களுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லித் தன் படம் போட்ட இருபதடி பேனர் என்று முணுமுணுத்தார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, சாரத்தில் நின்ற ஆட்கள் அதை அதைத் தேடி எடுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். ஒவ்வொன்று இறங்கும்போதும் விமானத்தின் மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. ஊறுகாய் ஜாடி, உலக்கை, வாழைக்கன்று, இட்லிக் கொப்பரை, ஒரு சைக்கிள், மீந்துபோன வடை அறுபத்து மூன்று எல்லாம் இறங்கி, வெள்ளிக்கிழமை விடியும்போது சந்தை நடுவில் ஒரு சீர்வரிசை போலக் குவிந்து கிடந்தன. இவ்வளவையும் சுமந்து எழும்பப் பார்த்த விமானத்தின் மேல் எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்தது.

ஆனாலும் மூக்கு ஒரு சாண் சாய்ந்தே இருந்தது. கேப்டன் ஆல்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். பன்னிரண்டு நாள் தாடி.

“அண்ணே, நீங்க எல்லாரும் சொல்லியாச்சு. நான் சொல்லல்ல” என்றார். “அந்தச் சீட்டுல என் கையெழுத்தும் இருக்கு. நேர்ல பாத்தேன்னு போட்டிருக்கேன். நான் பாக்கல்ல. சக்கரம் அமுங்கியிருக்குன்னு இந்தப் பிள்ள சொன்னா. நான் வெயில்னு சொன்னேன். கெழக்கு முனை வரைக்கும் போய்த் திரும்பச் சோம்பல், அதான் பாதியில திருப்பினேன். சீட்டப் பாத்தேன், வண்டியப் பாக்கல்ல. தப்பு எனக்க தப்பு.”

“அப்பன்னா இப்பப் பாத்துருங்க சார்” என்று சடையாண்டி மைக்கில் சொன்னார். “நான் வாசிக்கிறேன்.”

நஸ்ரின் சுக்கானைப் பிடித்துக்கொள்ள, கேப்டன் சரக்கறைக்குள் போனார். சடையாண்டி சீட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்து, எங்கள் சந்தை வழக்கப்படி முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணாமல் லாபம் என்று எண்ணி, லாபம், ரெண்டு, மூணு என்று வாசிக்க வாசிக்க, கேப்டன் ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுப் பார்த்துச் சரி, சரி, சரி என்று உள்ளிருந்து சொன்னார். இருநூற்றுப் பதினெட்டு உருப்படி. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. கேப்டன் போட்ட கையெழுத்து பன்னிரண்டாம் நாள் உண்மையானது. மூக்கு நிமிர்ந்தது. ஆனால் முழுக்க நிமிரவில்லை. நாலு விரற்கடை பாக்கி நின்றது. மணி ஒன்பது ஐம்பது.

யார் அது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாப்பாத்தியம்மாள் ராவுத்தரைச் சந்தேகப்பட்டாள், ராவுத்தர் உக்கிரபாண்டியைச் சந்தேகப்பட்டார், உக்கிரபாண்டி அதிகாரியையே சந்தேகப்பட்டார். எல்லாரையும்விடக் கோபமாக இருந்தவர் சடையாண்டிதான். ஒரு ஊரே வெட்கம் விட்டுச் சொல்லியிருக்கும்போது எவனோ ஒருத்தன் இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கிறானே, அவன் சோற்றைத்தான் தின்கிறானா என்று மைக்கிலேயே கத்தினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேனா மூடியைத் திருகினார். சடையாண்டி அப்போதுதான், இறக்கிவைத்திருந்த தன் அம்மியைப் பார்த்தார். அது தனியாகக் கிடந்தது.

அம்மி வாங்கினால் குழவி கொசுறு. கல் கொத்துகிறவர் அம்மிக்குத்தான் விலை சொல்வார். குழவியைத் தன் கையால் எடுத்து மேலே வைப்பார். சடையாண்டி நேற்று மைக்கில் அம்மியைச் சொன்னபோது குழவி அவர் நினைவிலேயே இல்லை. தன் தப்பை ஒத்துக்கொண்டபோதுகூடக் கொசுறை எடை போட அவருக்குத் தோன்றவில்லை. சரக்கறையில் வைத்தால் உருளும் என்று பழைய சேலையில் சுற்றி, விமானிகள் இருக்கைக்குப் பின்னால் அவர்தான் திணித்துவைத்தார்.

“பாப்பா” என்று மைக் இல்லாமலே கத்தினார். “உனக்குப் பின்னாடி சேலை சுத்துன ஒரு மூட்டை இருக்கா?”

“என் தலகாணியா?” என்றாள் நஸ்ரின். “இத்தனை நாளா இதுலதான் தலைய வச்சுத் தூங்குறேன். கல்லு மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்.”

“கல்லுதான்மா. என் கல்லுதான். நான்தான் அந்த ஒருத்தன்.”

சந்தை சிரிக்கவில்லை. குழவி கயிற்றில் இறங்கியது. விமானம் ஒரு பெருமூச்சு விட்டு, மெல்லத் தாழ்ந்து, தரைக்கு ஆளுயரம் விட்டு, மேசைமேல் வைத்தாற்போல மட்டமாக நின்றது. நஸ்ரின் சுக்கானிலிருந்து ஒரு விரலை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இரண்டு கையையும் எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. விமானிகள் சீட்டில் இல்லை, சரக்கு மட்டும்தான் சீட்டில் உண்டு. ஆகவே அவர்கள் தாராளமாக இறங்கலாம். முதலில் அவள் இறங்கினாள், பிறகு கேப்டன் இறங்கினார், சாரத்து ஆட்களும் இறங்கினார்கள். பாப்பாத்தியம்மாள் நஸ்ரினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ, அவள் வடை வேண்டாம், வடை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சீட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, ஐயாயிரத்து இருநூறு சரி என்று முத்திரை குத்தினார். பிறகு படிவத்தை எடுத்தார். காரணம்: அதிகச் சுமை, விமானியின் தவறு என்று எழுதினார், கேப்டன் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டார். ‘விபத்து நடந்த நேரம்’ என்ற இடத்தில் அதிகாரியின் பேனா நின்றது. “இன்னும் நடக்கலையே” என்றார் கவலையோடு.

சடையாண்டி இதைக் கவனிக்கவில்லை. முப்பது வருஷத் தொழிலில் அவர் போட்ட சீட்டு முதல் தடவையாக உண்மையாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விமானத்தின் பக்கத்தில் போய், வண்டிமாட்டைத் தட்டுவது போலச் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார். எடை சரியாக முடிந்தால் கை என்ன செய்யுமோ அதை அவர் கை செய்தது. பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலையை ஒடித்துச் சக்கரத்துக்கு மேலே செருகியது.

விமானம் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணத்தில் நஸ்ரின் பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்து அவரைப் பின்னால் இழுத்தாள். இருவரும் தக்காளிச் சேற்றில் மல்லாக்க விழ, பன்னிரண்டு நாளாகத் தள்ளிப்போட்டிருந்த விபத்து அவர்கள் கண் முன்னால் முழுசாக நடந்தது. சக்கரம் முறிந்து, இறக்கை மடிந்து, வால் கழன்று வெற்றிலைக் கடைமேல் சாய்ந்து, ஐயாயிரத்து இருநூறு கிலோ காய்கறியும் ஒரே கூட்டாகிச் சந்தை முழுக்க ஓடியது. எண்ணெய் முன்பே தீர்ந்திருந்ததால் தீப்பிடிக்கவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

“பத்து நாற்பது” என்று அதிகாரி நிம்மதியாக எழுதினார். பிறகு சடையாண்டியின் பக்கத்தில் குனிந்தார். “அதிகச் சுமைன்னு எழுதியிருக்கேன். எவ்வளவு அதிகம்னு ஒரு கட்டம் இருக்கு. அந்தக் கறிவேப்பிலை எவ்வளவு எடை?”

“கொசுறுக்கு எடை கிடையாதுங்க” என்று சந்தை ஒரே குரலில் சொன்னது.

சடையாண்டி எழுந்தார். சட்டையிலிருந்த தக்காளியை வழித்துப்போட்டுவிட்டு, பூக்கடைச் சின்னத் தராசை வாங்கிவந்து, அதே கூடையிலிருந்து அதே அளவு கொத்து ஒன்றை ஒடித்துத் தட்டில் வைத்தார். கொடுத்தவரின் அவமானமும் வாங்கியவரின் அவமானமும் சேர்ந்து அவர் முகம் சிவந்தது. பாப்பாத்தியம்மாள் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டாள். முள் அடங்கும் வரை சடையாண்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“பதினெட்டு கிராம்” என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டார். தாராளமா எடுத்துக்குங்க என்று சடையாண்டி அதை அவர் பையில் போட்டார். எடை போட்ட பிறகு அது வெறும் சரக்குதானே என்று, மேலே இன்னொரு கொத்தையும் போட்டார்.